ஏழாவது நிலா

பிரிக்ஃபீல்ட்ஸ், அச்சுக்கடை மாடி.
மாதக் கடைசி வெள்ளியில்
அறிவியல் புனைகதை வினாடிவினா.
ஐந்து குழு, ஒரு மின்விசிறி.
பையில் கட்டிய தே தாரிக்
நாற்காலிக் காதுகளில் தொங்கி வியர்க்கிறது.

ஒன்பது கேள்வி வரை நான் வாய் திறக்கவில்லை.
நூறு வருடம் உறைந்து எழுந்த மாலுமி
முதலில் கேட்டது என்ன?
‘மழை விட்டாச்சா?’
ஹேமலோஷினி, மருந்துக்கடைக்காரி,
கேள்வி முடியும் முன்பே.

பத்தாவது.
சர்வின் சீட்டைப் புரட்டினான்:
‘உப்புக் கோள்’ தொடரில்
அந்தக் கோளுக்கு எத்தனை நிலா?

‘ஏழு’ என்றான் தியாகு,
செந்தூலில் லாரி அனுப்புகிறவன்,
மணியடிக்கவும் மறந்து.
‘ஆறு’ என்றாள் ஹேமலோஷினி.
சீட்டிலும் ஆறு.

தியாகு எழுந்துவிட்டான்.
‘வீடியோ கடையில நாளுக்கு ஒரு வெள்ளி கட்டிப் பார்த்தது.
ஏழுன்னுதான் எழுத்து ஓடுச்சு.
கணக்குப் புத்தக அட்டையில ஏழு வரைஞ்சேன்,
வாத்தியார் வெச்சதும் ஏழு அடி.’
பின்வரிசையில் இன்னும் மூன்று பேர்: ஏழுதான் பாஸ், ஏழுதான்.
நாற்பதைத் தாண்டியவர்களுக்கெல்லாம் ஏழு.
போனில் பார்த்த பிள்ளைகளுக்கெல்லாம் ஆறு.
ஒரே கோள்.
இடையில் ஒரு நிலா கூடுதல்.

அதை ஏற்றியவள் நான்.

தொண்ணூற்று மூன்று. பெட்டாலிங் ஜெயாவில்
சன்னல் இல்லாத அறை.
கேசட்டுகளுக்குத் தமிழில் அடிவரி எழுதுவேன்:
வரிக்கு இருபத்தெட்டு எழுத்து,
பாகத்துக்கு நாற்பது வெள்ளி.
‘அங்கே ஆறு நிலா’ என்று தட்டினேன்.
மேற்பார்வை இருதயநாதன்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
‘என்னம்மா இது, ஆத்துல நிலாவா?
இல்ல, நிலாவை ஆறச் சொல்றியா?’
‘நிலவுகள்’ என்று நீட்டினேன்,
வரி திரையை விட்டு வழிந்தது.
சோறு ஆறுகிறது, புண் ஆறுகிறது,
மலையிலிருந்து ஒன்று இறங்கி ஓடுகிறது.
எண் மட்டும் எண்ணாக நிற்கமாட்டேன் என்றது.
மணி ஒன்றே முக்கால்.
கடைசி பஸ் எப்போதோ போய்விட்டது.
ஏழு என்று போட்டேன்.
ஏழுக்கு வேறு வேலை கிடையாது.
யார் எண்ணப் போகிறார்கள்.

கையைத் தூக்கினேன்.
‘அது என் பிழை. நான் எழுதினது.’
மின்விசிறி ஒரு சுற்றுச் சுற்றியது.
‘ஆதாரம் இருக்கா, ஆன்ட்டி?’ என்றான் சர்வின்,
மரியாதையாகத்தான்.
இல்லை. பெயர்கள் ஓடிய இடத்தில் என் பெயர் ஓடவில்லை.
கம்பெனி இருந்த இடத்தில் இப்போது பல் மருத்துவர்.
கேசட்டுகளில் பூஞ்சை பிடித்ததோ,
யாராவது கல்யாணத்தை மேலே பதிந்தார்களோ.

தியாகு என்னையே பார்த்தான்.
கோபமில்லை. கணக்குப் பார்க்கிற முகம்.
‘அப்ப, ஏழாவதுல இறங்குச்சே
அந்த ஓட்டைக் கப்பல்?’

ஓட்டைக் கப்பலா.
பதினெட்டுப் பாகமும் எழுதினேன்.
நான் தட்டிய எந்த வரியிலும்
அப்படியொரு கப்பல் இல்லை.
சொல்லவில்லை.
தே தாரிக்கை உறிஞ்சினேன், வெறும் ஐஸ் சத்தம்.

தீர்ப்பு: இரண்டு குழுவுக்கும் அரை அரைப் புள்ளி.
ஹேமலோஷினி பேனாவை மேசையில் போட்டாள்.
அவள் பக்கம்தான் நியாயம்,
அது எனக்கும் தெரியும்.

பதினொன்று.
சுரங்க ரோபோ இழந்தது எந்தக் கையின் சுண்டுவிரல்?
மணியடித்தேன், அன்றைக்கு முதல் முறையாக.
‘இடது.’
‘தப்பு, ஆன்ட்டி. வலது.’

முதுகுக்குப் பின்னால்,
யாருக்கும் கேட்காத அளவு மெதுவாக,
தியாகுவின் குரல்:
‘இடதுதான்.’